சீசன் இடைவேளை மாற்றங்களுக்குப் பிறகு ஒரு கூடைப்பந்து அணியின் பலத்தையும் பலவீனத்தையும் மதிப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஓர் அணிக்குப் புதிதாக யார் வந்தார்கள் என்பதிலிருந்து மதிப்பீட்டைத் தொடங்குவதுதான் இந்த வேலைக்குப் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே பிறக்கின்றன. வந்தவரின் பெயர் பெரிதாக இருக்கும்போது, போனவர்கள் ஆடிய நிமிடங்களும் அவர்கள் சத்தமில்லாமல் செய்துவந்த வேலைகளும் கண்ணில் படாமல் போய்விடுகின்றன.

ஆகவே இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசைதான் முக்கியம். ஒரு படியின் விடை அடுத்த படிக்குத் தேவைப்படுவதால், இடையில் எதையும் தாண்டிச் செல்ல வேண்டாம். எடுத்துக்காட்டுகள் அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.விலிருந்து தரப்பட்டுள்ளன, ஆனால் இதே முறையை எந்த லீக்கின் அணிக்கும் பயன்படுத்தலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

போன சீசனில் அணியின் ஒவ்வொரு வீரரும் ஆடிய ஆட்டங்கள், மொத்த நிமிடங்கள், ஷாட் எண்ணிக்கை, ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகத் தரப்படும் மறிப்பில்லாத எறிதல்), ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), டர்ன்ஓவர் (ஷாட் எறியாமலேயே பந்தை எதிரணியிடம் இழப்பது) ஆகியவை வேண்டும். புதிதாக வருபவர்களுக்குக் குறைந்தது மூன்று சீசன்களின் எண்கள் வேண்டும். ஒரே ஒரு சீசனை வைத்து ஒருவரை அளந்தால், அவருடைய மிக நல்ல ஆண்டையோ மிக மோசமான ஆண்டையோ அவருடைய இயல்பாக எடுத்துக்கொண்டுவிடுவோம்.

அடுத்தது, ஒப்பந்தம் உறுதியான வீரர்களின் பட்டியல். என்.பி.ஏ.வில் ஓர் அணி 15 வழக்கமான ஒப்பந்தங்களையும், துணை லீக்குடன் பகிர்ந்துகொள்ளும் 3 இருவழி ஒப்பந்தங்களையும் வைத்துக்கொள்ளலாம். பயிற்சி முகாமுக்கு அழைக்கப்பட்டவர்கள் எல்லோரும் அணியில் நிலைப்பதில்லை. அவர்களை இப்போதே கணக்கில் சேர்த்தால் பின்னர் நிமிடக் கணக்கைக் கலைத்து மீண்டும் போட வேண்டியிருக்கும்.

தலைமைப் பயிற்சியாளர் மாறியிருக்கிறாரா என்பதையும் பட்டியலின் மேலேயே எழுதி வையுங்கள். பயிற்சியாளர் மாறியிருந்தால் பழைய வீரர்களையும் பாதிப் புதியவர்களாகவே கருத வேண்டும்.

2. போன சீசனின் உண்மையான உயரத்தைக் கண்டறியுங்கள்

எங்கிருந்து தொடங்குகிறோம் என்று தெரியாமல், அணி ஏறியதா இறங்கியதா என்று சொல்ல முடியாது. வெற்றி எண்ணிக்கை மட்டும் இதற்குப் போதாது. கடைசி நொடி ஷாட்டில் முடிந்த நான்கைந்து ஆட்டங்கள் எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கலாம்.

ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி வித்தியாசத்தில் அணி முன்னிலை பெற்றது அல்லது பின்தங்கியது என்பதைப் பாருங்கள். 82 ஆட்டங்கள் கொண்ட சீசனில் சராசரி 1 புள்ளி வித்தியாசம் சுமார் 2.7 வெற்றிகளுக்குச் சமம். ஓர் அணி 48 ஆட்டங்களில் வென்றிருக்கிறது, ஆனால் சராசரி வித்தியாசம் +1 மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். 82இல் பாதியான 41 உடன் 2.7ஐக் கூட்டினால் சுமார் 44 வருகிறது. அந்த அணியை 44 வெற்றி அணியாகவே எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போக வேண்டும்.

இதைச் செய்யாதவர்கள், அடுத்த ஆண்டு அந்த அணி 44க்கு வந்ததும் புதிய வீரர்கள்தான் கெடுத்துவிட்டார்கள் என்று எழுதுவார்கள். அணி அப்போது தன் இயல்பான நிலைக்குத்தான் வந்திருக்கும்.

முக்கிய வீரர்கள் எத்தனை ஆட்டங்களைக் காயத்தால் தவறவிட்டார்கள் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் இந்தப் படியில் நேரம் செலவிட வேண்டாம்.

3. வந்தவர்களுக்கு முன் போனவர்களை எழுதுங்கள்

ஒரு தாளில் போனவர்களின் பெயர்களை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் இல்லாவிட்டால் அணியில் யாரும் செய்ய முடியாத வேலை எது என்று ஒரு வரி எழுதுங்கள். புள்ளி சராசரியை எழுத வேண்டாம், வேலையை எழுதுங்கள்.

இந்தப் படியின் மதிப்பைக் காட்ட 2021ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 2020-21 சீசனில் நூறு பொசஷனுக்கு (பொசஷன் என்பது பந்து ஓர் அணியின் கைக்கு வரும் ஒரு முறை) மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி அதுதான். அந்தக் கோடையில் ரசல் வெஸ்ட்புரூக் வந்தார். பேச்சு முழுவதும் அவரைச் சுற்றியே இருந்தது. அவருக்கு மாற்றாகக் கென்டேவியஸ் கால்ட்வெல் போப்பும் கைல் குஸ்மாவும் போனார்கள். அலெக்ஸ் கரூசோ ஒப்பந்தம் முடிந்து சிகாகோ சென்றார். எதிரணியின் பந்தாளும் வீரரை வளையத்திலிருந்து வெகுதூரத்திலேயே மறித்து நிறுத்தும் வேலையைச் செய்துவந்த கால்ட்வெல் போப், கரூசோ ஆகிய இருவரும் ஒரே கோடையில் போய்விட்டார்கள். அடுத்த சீசனில் அணி 33 ஆட்டங்களில் வென்று 49இல் தோற்றது. தற்காப்பு லீக்கின் கீழ்ப்பாதிக்கு இறங்கியது.

லெப்ரான் ஜேம்ஸும் ஆந்தனி டேவிஸும் அந்தச் சீசனில் பல ஆட்டங்களைத் தவறவிட்டார்கள் என்பதும் உண்மையே. ஆயினும் போனவர்களின் தாளை முதலில் எழுதியிருந்தால், தற்காப்பு வீழும் என்ற எச்சரிக்கை கோடையிலேயே கிடைத்திருக்கும்.

4. நிமிடக் கணக்கு: அணி மதிப்பீட்டின் முதுகெலும்பு

ஓர் என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐவர். ஆகவே ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணியிடம் இருப்பது 240 வீரர் நிமிடங்கள். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளின்படி ஆட்டம் 40 நிமிடம் என்பதால் அங்கே 200. எத்தனை நட்சத்திரங்களை வாங்கினாலும் இந்த எண் கூடாது. நான் பார்த்த புதியவர்களின் அட்டவணைகளில் பாதிக்கும் மேற்பட்டவை 260, 270 என்று கூட்டுத்தொகை வருபவை. ஒவ்வொரு வீரருக்கும் அவருக்குப் பிடித்த நிமிடத்தைக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

இரண்டாவது பிழை இதைவிட நுட்பமானது. ஒருவர் ஆட்டத்துக்கு 33 நிமிடம் ஆடினார் என்றால், அது அவர் ஆடிய ஆட்டங்களுக்கு மட்டுமான சராசரி. அவர் 60 ஆட்டங்கள் மட்டுமே ஆடியிருந்தால் மொத்தம் 1,980 நிமிடம். அதை 82ஆல் வகுத்தால் சுமார் 24 நிமிடம்தான் வரும். மீதமுள்ள 9 நிமிடங்களை வேறு யாரோ ஆடியிருக்கிறார். அந்த வேறு யாரோதான் பல அணிகளின் உண்மையான பலவீனம். எனவே கணக்கு முழுவதையும் சீசன் நிமிடங்களிலேயே போடுங்கள். கூடுதல் நேரத்தை விட்டுவிட்டால் ஓர் அணிக்கு ஒரு சீசனில் 19,680 நிமிடங்கள் உள்ளன.

ஒரு கற்பனை அணியை எடுத்துச் செய்து பார்ப்போம். மூவர் போயிருக்கிறார்கள்: பாயிண்ட் கார்டு (பந்தை மேலே கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) 33 நிமிடம் வீதம் 74 ஆட்டங்கள், அதாவது 2,442 நிமிடம், விங் வீரர் (பக்கவாட்டில் ஆடுபவர்) 28 நிமிடம் வீதம் 66 ஆட்டங்கள், 1,848 நிமிடம், மாற்று சென்டர் (வளையத்தருகே ஆடும் உயரமானவர்) 17 நிமிடம் வீதம் 70 ஆட்டங்கள், 1,190 நிமிடம். கூட்டினால் 5,480. அணியின் மொத்த நிமிடங்களில் ஏறத்தாழ 28 விழுக்காடு காலியாகியிருக்கிறது.

வந்தவர்கள் இருவர்: புகழ்பெற்ற ஃபார்வர்டு (கார்டுக்கும் சென்டருக்கும் இடைப்பட்ட இடத்தில் ஆடுபவர்) 34 நிமிடம் வீதம் 61 ஆட்டங்கள், 2,074, அனுபவமுள்ள கார்டு 22 நிமிடம் வீதம் 72 ஆட்டங்கள், 1,584. மொத்தம் 3,658. இடைவெளி 1,822 நிமிடம், ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 22. இந்த 22 நிமிடங்களை ஆடப்போவது யார் என்ற கேள்விக்குப் பெயர் சொல்லாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. டிராஃப்டில், அதாவது அணிகள் புதியவர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுக்கப்பட்ட இளைஞரா, போன ஆண்டு ஓரத்தில் அமர்ந்திருந்தவரா, அல்லது முப்பத்து நான்கு வயது மூத்தவரின் நிமிடங்களைக் கூட்டப்போகிறார்களா என்று பாருங்கள். இவை மூன்றும் அணியை வெவ்வேறு இடத்துக்குக் கொண்டுபோகும்.

இப்போது அதே கணக்கை இடம்வாரியாகப் பிரியுங்கள். கார்டுகளுக்கு 96, ஃபார்வர்டுகளுக்கு 96, சென்டருக்கு 48 நிமிடம். நம் கற்பனை அணியில் வந்த நிமிடங்களில் பெரும்பகுதி ஃபார்வர்டு இடத்தில் இருக்கிறது, ஆனால் சென்டர் இடத்தில் ஆட்டத்துக்குச் சுமார் 15 நிமிடம் (1,190ஐ 82ஆல் வகுத்தால்) அப்படியே காலியாகக் கிடக்கிறது. மொத்தக் கூட்டலில் தெரியாத ஓட்டை இப்படிப் பிரித்தால் தெரியும். ஒருவர் இரண்டு இடங்களில் ஆடக்கூடியவர் என்றால் அவருடைய நிமிடங்களை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். முழு நிமிடத்தை இரண்டு இடங்களிலும் எழுதிவிடாதீர்கள்.

5. வேலைப் பட்டியலை நிரப்புங்கள்

நிமிடங்கள் நிரம்பிவிட்டதால் வேலைகளும் நிரம்பிவிட்டன என்று பொருளில்லை. ஓர் அணி ஒவ்வொரு ஆட்டத்திலும் செய்தே ஆக வேண்டிய வேலைகள் சில உண்டு: நெருக்கடியில் பந்தை மேலே கொண்டுவருவது, பிக் அண்ட் ரோல் ஆட்டத்தை (ஒருவர் தற்காப்பு வீரரை உடலால் மறித்துப் பந்தாளுபவருக்கு வழிவிட்டு, பிறகு வளையத்தை நோக்கி ஓடுவது) நடத்துவது, மூலையில் நின்று எறிவது, எதிரணியின் மிகச்சிறந்த வீரரைக் காப்பது, வளையத்தைக் காப்பது, தற்காப்பு ரீபவுண்டை முடிப்பது, மாற்று வீரர்கள் களத்தில் இருக்கும்போது புள்ளி எடுப்பது.

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பெயர்கள் எழுதுங்கள். இரண்டாவது பெயர் கிடைக்காத வேலைதான் ஒரே ஒரு காயத்தில் அணி உடையப்போகும் இடம். 2023-24 பாஸ்டன் அணியில் புதிய சென்டர் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் 57 ஆட்டங்களே ஆடினார். ஆனால் அதே வேலையை, அதாவது வெளியிலிருந்து எறிந்து எதிரணி சென்டரை வளையத்தை விட்டு இழுப்பதை, அல் ஹார்ஃபர்டும் செய்யக்கூடியவராக இருந்தார். அணி 64 ஆட்டங்களில் வென்று சாம்பியன் ஆனது.

இந்தப் பட்டியலில் ஒருவரின் பெயர் நான்கைந்து வேலைகளுக்கு எதிரே வந்தால் மகிழ வேண்டாம். ஒரே ஆள் எதிரணி நட்சத்திரத்தை 36 நிமிடம் காத்துக்கொண்டு, மறுமுனையில் தாக்குதலையும் நடத்துவது சில இரவுகளுக்குச் சாத்தியம். ஒரு முழு சீசனுக்குச் சாத்தியமில்லை.

6. பந்து ஒன்றுதான் என்பதைக் கணக்கில் கொண்டுவாருங்கள்

ஒரு வீரர் களத்தில் இருக்கும்போது அணியின் தாக்குதல்களில் எத்தனை விழுக்காடு அவர் கையில் ஷாட்டாகவோ, ஃப்ரீ த்ரோவாகவோ, டர்ன்ஓவராகவோ முடிகிறது என்பதே பயன்பாட்டு விகிதம். ஐவரும் ஒன்றாக ஆடும்போது இதன் கூட்டுத்தொகை 100ஐத் தாண்ட முடியாது. சராசரி ஆளுக்கு 20.

புதிய முதல் ஐவரின் போன சீசன் விகிதங்களைக் கூட்டுங்கள். 31, 28, 24, 19, 16 என்றால் 118 வருகிறது. யாராவது 18ஐ விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். யார் விடுவார், விட்ட பிறகு அவர் களத்தில் என்ன செய்வார் என்பதுதான் இந்தப் படியின் கேள்வி.

பந்து இல்லாதபோதும் பயனுள்ளவர் விட்டுக்கொடுத்தால் அணி லாபம் அடையும். அவருக்கு வரும் ஷாட்கள் எளிதாகும், விழுக்காடு உயரும். பந்தைக் கையில் வைத்திருந்தால் மட்டுமே அச்சுறுத்தலாக இருப்பவர் விட்டுக்கொடுத்தால், அவரைக் காக்க வேண்டியவர் வளையத்தருகே போய் நின்றுகொள்வார். அணி நான்கு பேருடன் ஆடுவதுபோல் ஆகிவிடும். 2007 கோடையில் பாஸ்டனுக்கு ரே ஆலனும் கெவின் கார்னெட்டும் வந்தபோது, ஆலன் ஸ்க்ரீன்களை, அதாவது சக வீரர்கள் உடலால் போடும் மறிப்புகளை, சுற்றி ஓடி எறிபவர், கார்னெட் பாஸ் கொடுப்பதிலும் தற்காப்பிலும் மதிப்புள்ளவர், பால் பியர்ஸ் பந்தை வைத்து ஆடுபவர் என்று மூன்று வேலைகளும் மோதாமல் இருந்தன. 24 வெற்றிகளிலிருந்து 66 வெற்றிகளுக்கு அணி ஏறியதற்கும், அதே ஆண்டில் சாம்பியன் ஆனதற்கும் தற்காப்போடு இதுவும் ஒரு காரணம்.

கூட்டுத்தொகை 100க்குக் கீழே வந்தாலும் கவனியுங்கள். 88 வந்தால், இதுவரை எளிதான ஷாட்களை மட்டும் எறிந்தவர்கள் இனி கடினமானவற்றையும் எறிய வேண்டியிருக்கும். அவர்களுடைய விழுக்காடு இறங்கும் என்றே கணக்கிடுங்கள்.

7. புதிய வீரரின் எண்களைப் புதிய சூழலுக்கு மாற்றுங்கள்

பழைய அணியில் எடுத்த எண்களை அப்படியே தூக்கி ஒட்டக்கூடாது. முதலில் மாதிரியின் அளவைப் பாருங்கள். ஒருவர் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து 120 முறை எறிந்து 48 போட்டிருந்தால் 40 விழுக்காடு. 42 போட்டிருந்தால் 35 விழுக்காடு. ஒருவரைச் சிறந்த ஷூட்டர் என்றும் சராசரி ஷூட்டர் என்றும் பிரிப்பது ஆறே ஆறு பந்துகள், ஒரு முழு சீசனில். இப்படிப்பட்ட நிலையில் மூன்று சீசன்களின் மொத்தத்தையும், ஃப்ரீ த்ரோ விழுக்காட்டையும் பாருங்கள். ஃப்ரீ த்ரோவை யாரும் மறிப்பதில்லை, தூரமும் மாறுவதில்லை. ஆகவே கையின் தரத்தை அது நேராகக் காட்டும்.

அடுத்து, ஷாட் எப்படிப்பட்டது என்று பாருங்கள். பாஸைப் பிடித்தவுடன் எறிந்தவையா, டிரிபிள் செய்து தானே உருவாக்கியவையா என்பது முக்கியம். நல்ல பாஸர் ஒருவரின் பக்கத்தில் நின்று 39 விழுக்காடு எறிந்தவர், பாஸர் இல்லாத அணிக்கு வரும்போது அதே எண்ணைக் கொண்டுவர மாட்டார்.

வெளிநாட்டு லீக்கிலிருந்து வருபவருக்கு மேலும் இரண்டு திருத்தங்கள் தேவை. ஃபிபா மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர், என்.பி.ஏ. கோடு மையத்தில் 7.24 மீட்டர். என்.பி.ஏ.வில் தற்காப்பு வீரர் யாரையும் நெருங்கிக் காக்காமல் பெயிண்ட் பகுதியில், அதாவது வளையத்துக்கு முன்னுள்ள செவ்வகத்தில், மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஃபிபாவில் அந்த விதி இல்லை. அங்கே வளையத்தருகே நின்றே தற்காப்பில் பெயர் எடுத்த உயரமானவர், இங்கே நகர வேண்டியிருக்கும்.

வயதையும் காயத்தையும் மறக்க வேண்டாம். 2012இல் லேக்கர்ஸ் அணிக்கு ஸ்டீவ் நாஷும் டுவைட் ஹோவர்டும் வந்தபோது, நாஷுக்கு 38 வயது. ஹோவர்டுக்கு அதே ஆண்டு முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நாஷ் இரண்டாவது ஆட்டத்திலேயே கால் எலும்பு முறிந்து விலகினார், பயிற்சியாளர் ஐந்து ஆட்டங்களிலேயே நீக்கப்பட்டார், அணி 45 வெற்றிகளோடு முடித்தது. எலும்பு முறிவை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் அந்த இருவரும் 80 ஆட்டங்கள் முழு வேகத்தில் ஆடுவார்கள் என்ற அனுமானத்தின் மேல் மதிப்பீட்டைக் கட்டாமல் இருந்திருக்கலாம்.

8. தற்காப்பைத் தனியாக மதிப்பிடுங்கள்

தாக்குதலுக்குப் பயன்படும் எண்கள் தற்காப்புக்கு உதவுவதில்லை. பிளாக் (எறிந்த பந்தைத் தட்டிவிடுவது), ஸ்டீல் (பந்தைப் பறிப்பது) எண்ணிக்கைகள் ஈர்ப்பாக இருக்கும். ஆனால் பிளாக்குக்காக ஒவ்வொரு முறையும் எகிறுபவர் ரீபவுண்டைத் திறந்து விடுகிறார், ஸ்டீலுக்காகப் பாய்பவர் தன் ஆளைத் தனியே விடுகிறார்.

எதிரணியின் மூன்று புள்ளி விழுக்காட்டை வைத்து ஒரு தற்காப்பை நல்லது, கெட்டது என்று சொல்ல வேண்டாம். எறிந்த பந்து விழுவதா இல்லையா என்பது பெரும்பாலும் எறிபவரின் கையில் இருக்கிறது. எத்தனை முறை எறிய விட்டார்கள் என்பதுதான் தற்காப்பின் கையில் இருக்கிறது. எனவே எண்ணிக்கையைப் பாருங்கள். வளையத்தருகே எத்தனை ஷாட்களை அனுமதித்தார்கள் என்பதற்கும் இதுவே பொருந்தும்.

பிறகு, பயிற்சியாளரின் முறையும் சென்டரின் உடலும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிக் அண்ட் ரோல் ஆட்டத்தில் சென்டர் பின்வாங்கி வளையத்தைக் காக்கும் முறை ஒன்று. ஸ்க்ரீன் வந்ததும் இருவரும் ஆட்களை மாற்றிக்கொள்ளும் முறை மற்றொன்று. முதல் முறையில் சிறந்தவரை இரண்டாவது முறை ஆடும் அணி வாங்கினால், பயிற்சியாளரோ சென்டரோ மாறியாக வேண்டும்.

அந்த மாற்றத்துக்குக் காலம் பிடிக்கும் என்பதற்கு மினசோட்டா நல்ல சான்று. 2022 கோடையில் ரூடி கோபேர் வந்தார். முந்தைய சீசனில் 46 ஆட்டங்களில் வென்றிருந்த அணி 2022-23இல் 42 மட்டுமே வென்றது. கார்ல் ஆந்தனி டவுன்ஸ் காயத்தால் 29 ஆட்டங்களே ஆடியதால், இரண்டு உயரமானவர்களும் ஒன்றாக ஆடிப் பழகவே வாய்ப்புக் கிடைக்கவில்லை. அந்த மாற்றம் தோல்வி என்று பலர் முடிவு எழுதினார்கள். அடுத்த சீசனில் அதே அணி லீக்கின் முதல் தற்காப்போடு 56 ஆட்டங்களில் வென்றது. வந்தவரின் மதிப்பையும், அந்த மதிப்பு எப்போது வெளிப்படும் என்பதையும் தனித்தனியே எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

9. எண்கள் கேட்ட கேள்விகளோடு ஆட்டத்தைப் பாருங்கள்

வீடியோவை இந்தக் கட்டத்துக்கு முன் பார்க்க வேண்டாம். கேள்வி இல்லாமல் பார்த்தால் டங்குகளும் கடைசி நொடி ஷாட்களும் மட்டுமே நினைவில் நிற்கும். இதுவரை எழுதிய தாள்களிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டு, புதிய வீரர் ஆடிய மூன்று முழு ஆட்டங்களைப் பாருங்கள்: ஒரு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு வலுவான எதிரணிக்கு எதிரானது. தொகுக்கப்பட்ட சிறப்புக் காட்சிகள் இதற்கு உதவாது. அவற்றில் தவறுகள் நீக்கப்பட்டிருக்கும்.

பந்தைப் பார்க்காதீர்கள். புதிய வீரர் மூலையில் நிற்கும்போது அவரைக் காப்பவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றால், எதிரணிகள் அவருடைய ஷாட்டுக்கு அஞ்சுகின்றன. ஒரு காலைப் பெயிண்ட் பகுதிக்குள் வைத்து, முதுகைப் பாதி காட்டிக்கொண்டு நின்றால், அவருடைய விழுக்காடு காகிதத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் எதிரணிகள் அதை நம்பவில்லை என்று பொருள். லீக்கின் பயிற்சியாளர்கள் எல்லோரும் சேர்ந்து தரும் தீர்ப்பு அது. பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நான்காம் கால்பகுதியின் கடைசி ஐந்து நிமிடங்களில் எதிரணி யாரைத் தேடித் தாக்குகிறது என்பதையும் பாருங்கள். ஒரே வீரரை நோக்கித் திரும்பத் திரும்ப ஸ்க்ரீன் போடப்பட்டால், அவர் பெயரை பலவீனத் தாளில் எழுதலாம்.

10. நான்கு காரணிகளாகத் திரட்டுங்கள்

இனி தனித்தனி வீரர்களிலிருந்து அணிக்குத் திரும்ப வேண்டும். கூடைப்பந்துப் புள்ளியியலாளர் டீன் ஆலிவர் வகுத்த நான்கு காரணிகள் இதற்கு வசதியானவை: எறியும் திறன், டர்ன்ஓவர், தாக்குதல் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ. இவற்றுக்கு அவர் கொடுத்த எடை முறையே 40, 25, 20, 15 விழுக்காடு.

எறியும் திறனைக் கணக்கிட, விழுந்த ஷாட்களோடு விழுந்த மூன்று புள்ளி ஷாட்களில் பாதியைக் கூட்டி, மொத்த ஷாட்களால் வகுக்க வேண்டும். 88 எறிந்து 40 விழுந்து, அவற்றில் 12 மூன்று புள்ளிகள் என்றால், 46ஐ 88ஆல் வகுக்கக் கிடைப்பது 52.3 விழுக்காடு. பொசஷன், அதாவது பந்து அணியின் கைக்கு வந்த முறைகள், ஷாட்களிலிருந்து தாக்குதல் ரீபவுண்டைக் கழித்து, டர்ன்ஓவரையும் ஃப்ரீ த்ரோ முயற்சிகளின் 0.44 மடங்கையும் கூட்டினால் தோராயமாகக் கிடைக்கும். ஆட்டத்துக்கான புள்ளிகளை ஒப்பிடாமல் நூறு பொசஷனுக்கான புள்ளிகளை ஒப்பிட வேண்டும்; வேகமாக ஆடும் அணி அதிகப் புள்ளி எடுப்பது திறமையால் அல்லாமல் வேகத்தாலும் இருக்கலாம்.

ஒவ்வொரு காரணியிலும் அணி ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா என்று தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் தனித்தனியே எழுதுங்கள். எட்டு விடைகள் வரும். தசம இலக்கம் வரை கணிக்க முயல வேண்டாம்; நான்காம் படியின் நிமிடங்களே ஊகமாக இருக்கும்போது, அதன்மேல் கட்டும் எண்ணுக்கு அவ்வளவு துல்லியம் வராது.

11. பலத்தையும் பலவீனத்தையும் வாக்கியமாக எழுதுங்கள்

"தற்காப்பு நன்றாக இருக்கும்" என்பது மதிப்பீடு ஆகாது. எதனால், யார் களத்தில் இருக்கும்போது, எந்த நிபந்தனையில் என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். எடுத்துக்காட்டாக: "புதிய ஃபார்வர்டும் பழைய சென்டரும் சேர்ந்து ஆடும் 26 நிமிடங்களில் எதிரணிக்கு வளையத்தருகே ஷாட் குறையும், சென்டர் ஓய்வெடுக்கும் நேரத்தில் மாற்று ஆள் இல்லாததால் அந்த லாபம் முழுவதும் போய்விடும்." இப்படி எழுதினால், சீசன் தொடங்கிய பிறகு நாம் சொன்னது சரியா தவறா என்று சரிபார்க்க முடியும்.

பலவீனங்களில், அணி தானே சரிசெய்யக்கூடியவற்றையும் புதிய ஆளை வாங்கினால் மட்டுமே சரியாகக்கூடியவற்றையும் பிரித்து எழுதுங்கள். டர்ன்ஓவர் பழக்கத்தால் குறையலாம். உயரம் பழக்கத்தால் வராது.

பலம் ஐந்து என்றால் பலவீனமும் ஐந்து என்று சமன் செய்ய வேண்டாம். சில அணிகளுக்கு ஒரே ஒரு பலவீனம்தான் இருக்கும், அதுவே அவற்றைத் தோற்கடிக்கப் போதுமானதாக இருக்கும்.

12. எப்போது திருத்துவது

சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பயிற்சியாளர் யாரை யாரோடு சேர்த்து ஆடவிடுகிறார் என்பது. முடிவுகளையும் விழுக்காடுகளையும் விட்டுவிடுங்கள்.

10 ஆட்டங்கள் முடிந்ததும் நிமிடங்களையும் பயன்பாட்டு விகிதத்தையும் சரிபார்க்கலாம். இவை பயிற்சியாளரின் முடிவுகள் என்பதால் விரைவில் நிலைபெறும். வெற்றி தோல்வியைப் பார்க்க இன்னும் பொறுக்க வேண்டும். 2010இல் லெப்ரான் ஜேம்ஸும் கிறிஸ் பாஷும் டுவைன் வேடோடு சேர்ந்த மயாமி அணி முதல் 17 ஆட்டங்களில் 9 வென்று 8 தோற்றது. அந்தச் சீசனை 58 வெற்றிகளோடு முடித்து இறுதிச் சுற்றுவரை சென்றது. 25 ஆட்டங்களுக்கு முன் நூறு பொசஷன் எண்களை வைத்து எதையும் மாற்றாதீர்கள். அப்போதும் மூன்று புள்ளி விழுக்காடு வழக்கத்துக்கு மிக மேலேயோ கீழேயோ இருந்தால், அதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றைப் படியுங்கள்.

முதலில் எழுதியதை அழிக்க வேண்டாம். பக்கத்திலேயே தேதியிட்டுத் திருத்தத்தை எழுதுங்கள்; எந்தப் படியில் நாம் வழக்கமாகப் பிசகுகிறோம் என்பது இரண்டு சீசன்களில் தெரிந்துவிடும். பெரும்பாலானோருக்கு அது நான்காம் படியாக, அதிலும் மாற்று வீரர்களின் நிமிடங்களாக இருக்கும். பிப்ரவரியில் வீரர் பரிமாற்றக் கெடு முடிந்து யாராவது மாறியிருந்தால், மீண்டும் மூன்றாம் படியிலிருந்து, போனவரின் பெயரை முதலில் எழுதித் தொடங்குங்கள்.